பின்சீட்டுப் பதனம்

எங்கள் கொன்னமரத்துப்பாளையத்தில் யாரும் யாரையும் "பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்புவதில்லை, "பதனமாப் போயிட்டு வா" என்றுதான் சொல்வோம். பதனம் என்றால் கவனம், சேதாரமில்லாமல் போய்ச் சேருவது, முட்டைத் தட்டைத் தூக்குகிறவனுக்கும் அதே சொல்தான், பிரசவத்துக்குப் போகிறவளுக்கும் அதே சொல்தான், வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறவனுக்கும் அதே சொல்தான், ஊர் முழுக்க ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது அதைச் சொல்லியிருப்போம், சொன்ன கையோடு மறந்தும் போயிருப்போம். அந்தச் சொல் ஆடிப் பெருக்குக்கு மறுநாள் காலை எட்டேகால் மணிக்கு எழுந்து வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டது.

முதலில் உட்கார்ந்தது மௌனிகாவின் ஸ்கூட்டியில். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு வாய் ஓயாது. ஆனி மாதம்தான் பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். வாங்கியிருந்தாள், ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல்லூரியில் பி.காம். சி.ஏ. சேர்ந்திருந்தாள், அப்பாவும் அம்மாவும் யோசித்து யோசித்து ஒரு ஸ்கூட்டி எடுத்துக் கொடுத்து, பிள்ளையார் கோவிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கடமை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அப்பா சென்னியப்பன் பந்தல் காண்டிராக்டர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் அவருடைய நாற்காலியில்தான் உட்கார வேண்டும், ஆகவே அவருடைய ஃபோன் ஓய்வதில்லை, ஆகவே வலது காதுக்கும் வலது தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக் கழுத்தை ஒருக்களித்தபடியே இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். ஹெல்மெட் உண்டு, அது தூக்குப்போசி மாதிரி முழங்கையில் தொங்கும். மௌனிகா ஆறு வயதில் அவருடைய ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள், ஃபோன் அடித்தால் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் காதுக்குக் கீழே சொருகிவிடுவது அவள் வேலை. அதை அவ்வளவு நேர்த்தியாகச் செய்வாள். மில் கேட்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் நானே எத்தனையோ நாள் அதைப் பார்த்து, சூட்டிகையான புள்ள என்று மெச்சியிருக்கிறேன்.

அன்றைக்கு மௌனிகா வண்டியைக் கிளப்பியபோது சென்னியப்பன் ஃபோனில் இருந்தார். "பதனமாப் போயிட்டு வா சாமி" என்றார் மகளிடம், உடனே ஃபோனுக்குள், "உங்களையில்லீங்க, புள்ளையச் சொன்னனுங்க, நீங்க சொல்லுங்க, எத்தன சேரு?" என்றார். சொன்ன சொல் அவர் வாயிலிருந்து இறங்கி, வாசலைத் தாண்டி, காலைத் தூக்கிப் போட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்தது. அச்சு அசல் சென்னியப்பன்தான், நிறைய தடவை துவைத்த சட்டை மாதிரி கொஞ்சம் சாயம் போயிருந்தது, அவ்வளவே வித்தியாசம். முழங்கையில் ஹெல்மெட், தோளில் ஃபோன், ஒருக்களித்த கழுத்து.

"ஏனுங்க, உங்களாட்டமே ஒண்ணு உக்காந்திருக்குதுங்க" என்றாள் அவர் மனைவி சாந்தாமணி.

சென்னியப்பன் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "உக்காந்துட்டுப் போகுது உடு, புள்ளைக்கு நேரமாகுது" என்றார்.

ஒன்பது மணிக்குள் ஊரில் வண்டியெடுத்த பிள்ளைகள் எல்லோருக்கும் பின்னால் ஒரு பதனம் உட்கார்ந்திருந்தது, அப்பா சொல்லியிருந்தால் அப்பா சாயலில், அம்மா சொல்லியிருந்தால் அம்மா சாயலில். ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. பதனத்துக்கு ஹெல்மெட் உண்டா இல்லையா என்றுதான் கேட்டார்கள். இரண்டு பேர் போகிற வண்டியில் பதனமும் ஏறினால் ட்ரிபிள்ஸ் ஆகுமா என்று சந்தேகம் வந்து, போலீஸ்காரர் ஒரு வாரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, கால் வைக்கக் கம்பி கேட்காத ஆளை ஆள் என்று எழுத முடியாது என்று விட்டுவிட்டார். எல்.எல்.ஆர். வைத்திருக்கிறவர்கள் லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதல்லவா, அப்பாவிடம் லைசென்ஸ் இருந்தால் அவருடைய பதனத்திடமும் இருக்கும்தானே என்று மௌனிகா கேட்டதற்கு அவர், போம்மா தாயே என்று கும்பிட்டு அனுப்பினார். டீக்கடையில் பிள்ளைகளுக்கு டீ ஊற்றும்போது பின்சீட்டுக்கும் ஒரு தம்ளர் நீட்டுவது இரண்டே நாளில் பழக்கமாகிவிட்டது.

சிக்கல் எங்கே வந்ததென்றால், பதனம் பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, சொன்னவர் வண்டியில் என்னென்ன செய்வாரோ அதையெல்லாம் ஊர் பார்க்கச் செய்துகொண்டே போனது. ஊருக்கெல்லாம் ஒழுக்கம் போதிக்கும் கணக்கு வாத்தியாரின் பதனம் போலீஸ் தொப்பியைக் கண்டால் ஹெல்மெட்டை மாட்டுவதும் தொப்பி மறைந்தால் கழற்றுவதுமாக இருந்தது. பேங்க் மேனேஜரம்மாவின் பதனம் வலது பக்கம் கையைக் காட்டிவிட்டு இடது பக்கம் சாய்ந்தது. என் பையன் பின்னால் உட்கார்ந்த என் பதனத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், எதிரில் வருகிற வண்டிகளின் டயர்களையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்ததே தவிரச் சாலையை ஒரு தடவை பார்க்கவில்லை. வீட்டுக்குள் எவ்வளவு பெரிய மனிதர் என்பது போய், பின்சீட்டில் எப்படி என்று ஊர் பேச ஆரம்பித்தது, ஒரு சம்பந்தமே அதனால் தட்டிப்போனது.

பால்வண்டி ஓட்டும் பாவாத்தாளின் பதனம் மட்டும் எந்த வேடிக்கையும் காட்டவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஹெல்மெட் வாரைப் பூட்டி, ஈ காக்கை இல்லாத சிக்னலிலும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. இதென்ன உப்புச்சப்பில்லாத பதனம் என்று முதலில் சிரித்தவர்கள்தான், பிறகு காலையில் பிள்ளைகளை அவள் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய், "அக்கா, என்ற பையனுக்கும் உங்க வாயால ஒருக்காச் சொல்லியுடுங்க" என்று நின்றார்கள். அவளும் மனசோடுதான் சொன்னாள். பதனம் ஏறி உட்காரும், வீதி முக்கு வரை போகும், அங்கே இறங்கி நடந்து வந்து அவள் மகன் வண்டியிலேயே ஏறிக்கொள்ளும். அடுத்த வீட்டுப் பதனம் முக்குக்கு மேல் வராது என்று தெரிந்துபோனது.

மௌனிகாவின் கழுத்து சாய ஆரம்பித்ததை முதலில் பார்த்தவள் சாந்தாமணி. ஆவணியில் ஒரு நாள் தோசை தின்னும்போது பெண்ணின் தலை வலது தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஃபோன் கூடத் தட்டுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

"ஏனுங்க, புள்ள கழுத்தப் பாருங்க."

"தூங்கறப்பச் சுளுக்கியிருக்கும். எண்ணெய் தேச்சு உருவுனாச் செரியாப் போயிரும்."

சுளுக்கு எடுப்பவர் வந்தார், பெண்ணின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், "சுளுக்கு இந்தக் கழுத்துல இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நேராகப் போய்ச் சென்னியப்பனின் கழுத்தைப் பிடித்தார். அவர் ஐயோ அம்மா என்று அலறியது மில் கேட் வரை கேட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. சென்னியப்பன் ஒரு நாள் ஃபோனைப் பூசையறையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்று "பதனமாப் போயிட்டு வா" என்றார், வந்த பதனம் தன் ஃபோனைத் தானே கொண்டுவந்திருந்தது. பேச்சு மொழியில் சொல்வதால்தான் இப்படி வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, கல்யாண மேடையில் மைக் பிடிக்கிறவரைப் போலத் தொண்டையைச் செருமி, "பத்திரமாகச் சென்று வருக" என்று சொல்லிப் பார்த்தார், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஒன்று வந்து உட்கார்ந்து, முதல் பஸ் ஸ்டாப்பில் இறங்கிக் கூட்டத்தோடு கலந்துவிட்டது. சாந்தாமணி சொல்லிப் பார்த்தாள், வண்டி ஓட்டவே தெரியாத அவளுடைய பதனம் ஒருபக்கமாக உட்கார்ந்து, லாரி வந்தால் "முருகா" என்று கண்ணை மூடியது, அது மூடினால் மௌனிகாவுக்கும் இமை சொருகியது, முதல் லாரியோடு அந்த யோசனையைக் கைவிட்டார்கள். கடைசியாக ஒன்றும் சொல்லாமலே அனுப்பிவிடலாம் என்று சென்னியப்பன் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு நின்றார். மகள் வண்டியைக் கிளப்பியதும் பெற்ற மனசு கேட்கவில்லை, தலை தானாக ஒரு ஆட்டு ஆட்டியது, அந்த ஆட்டலிலிருந்தே பதனம் இறங்கிப் போய் ஏறிக்கொண்டது.

"நீங்க ஓட்டறத மாத்துனா அதும் மாறுமோ என்னமோங்க" என்றாள் சாந்தாமணி.

"இருவது வருசமா ஓட்டறேன், ஒரு கீறல் உண்டா? நான் ஓட்டறதுல என்ன கொறை?" என்றார் சென்னியப்பன்.

எங்கள் ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் சொல்கிற பதில் அதுதான், நானும் சொல்லியிருக்கிறேன்.

புரட்டாசி முதல் வாரம் மௌனிகா லைசென்ஸுக்கு எட்டுப் போடப் போனாள். மைதானத்தில் சுண்ணாம்பால் வரைந்த எட்டின் மேல் கால் ஊன்றாமல் வண்டியோட்டிக் காட்ட வேண்டும், பின்சீட்டில் வந்ததை இறக்கிவிடச் சட்டத்தில் இடமில்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். மேல் வளைவை நன்றாகத்தான் சுற்றினாள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் வந்ததும் பின்னாலிருந்த பதனம், எதற்கு இவ்வளவு சுற்று என்பதுபோல ஒரு சாய்ப்புச் சாய்ந்தது. வண்டி குறுக்கே வெட்டி வெளியே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மண்ணில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தார். "என்னம்மா இது? நான் எட்டுக் கேட்டேன், நீ மூணு போட்டிருக்கற?"

"மீதி அஞ்சு எங்கப்பாகிட்ட இருக்குதுங்க சார்" என்றாள் மௌனிகா.

இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஃபெயில் போட்டார்.

குறுக்கே வெட்டுவது என்று வந்துவிட்டதால் மில் கேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து கல்லூரிச் சாலைக்குப் போக நேர்மையான வழி, இடது பக்கமாகவே முக்கால் கிலோமீட்டர் போய் யூ டேர்ன் அடித்துத் திரும்பி வருவது. நேர்மையில்லாத வழி, மில் கேட் எதிரே சாலையின் நடுத்திட்டில் இருக்கும் இடைவெளியில் புகுந்து எதிர்ப்பக்கமாகவே ஓரமாக ஊர்ந்து போவது. யூ டேர்ன் என்று ஒன்று இருப்பதே வெளியூர்க்காரர்களுக்காக என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மௌனிகாவுக்கு அந்த நினைப்பு இல்லை, யூ டேர்ன் போட்டுத்தான் போவேன் என்று முதல் நாளிலிருந்து பிடிவாதமாக இருந்தாள், தினமும் மில் கேட் வந்தால் பதனம் வலது பக்கம் சாயும், அவள் ஹேண்டில்பாரை இடது பக்கம் இழுப்பாள், இரண்டு பேரும் மல்லுக்கட்டுவதைக் கடையிலிருந்து பார்த்து நாங்கள் கைதட்டுவோம். இப்போது நினைத்தால் அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எட்டு மூன்றான மறுவாரம், வியாழக்கிழமை காலை எட்டு நாற்பது. பரீட்சைக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு, கழுத்து சாய்ந்திருந்ததால் சாலை பாதிதான் தெரிந்தது, பதனம் சாய்ந்தது, அன்றைக்கு அவள் இழுக்கவில்லை. எதிர்ப்பக்கமாக நாற்பது அடி போயிருப்பாள், தேங்காய்மட்டை ஏற்றிய லாரி எதிரே வந்துவிட்டது. டிரைவர் பிரேக்கின் மேல் ஏறியே நின்றான். அவள் ஒரு பக்கம், ஸ்கூட்டி ஒரு பக்கம் விழுந்தன. லாரியின் முன்சக்கரம் அவளுடைய டிபன் பாக்ஸின் மேல் ஏறி, பூசை போட்ட எலுமிச்சம்பழம் மாதிரி அதை நசுக்கிவிட்டு நின்றது. டிபன் பாக்ஸுக்கும் அவள் தலைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

நாங்கள் ஓடினோம். ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் முகத்தில் கீறல் இல்லை, இடது மணிக்கட்டு மட்டும் ஆகாத பக்கம் மடங்கியிருந்தது. நான் சென்னியப்பனுக்கு ஃபோன் போட்டேன், வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது, திரும்பப் போட்டேன், திரும்பவும் அதுவே வந்தது. ஆறாவது தடவை எடுத்தார், "வண்டியிலதான் போயிட்டிருக்கறேன், சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஐந்தே நிமிஷத்தில் வந்துவிட்டார், ஏனென்றால் அவரும் எதிர்ப்பக்கமாகத்தான் வந்தார், மகளை இடிக்கப் பார்த்த அதே லாரியின் மூக்கில் போய் முட்டப் பார்த்துத்தான் நின்றார்.

நடுரோட்டில் மகள் தன் மடங்கிய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவருடைய பதனம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. விழுந்ததோ, பெண்ணுக்கு அடிபட்டதோ அதற்குத் தெரியவில்லை, ஒருக்களித்த கழுத்தோடு பேசிக்கொண்டேயிருந்தது, "ஆமாங்க, வண்டியிலதான் போயிட்டிருக்கறேன், ஒண்ணும் தொந்தரவில்லீங்க, நீங்க சொல்லுங்க, எத்தன சேரு?"

"அப்பா" என்றாள் மௌனிகா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அத மொதல்ல எந்திரிக்கச் சொல்லுங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

சென்னியப்பன் அதைப் பார்த்தார். வாசலில் ஏறுவதைத்தான் அவரவர் பார்த்திருந்தோம், சாலையில் தன் பதனம் செய்வதைத் தன் கண்ணால் பார்த்த மனிதன் அதற்கு முன்பு எங்கள் ஊரில் யாரும் இல்லை, அதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தோம். அவர் தோளிலிருந்த ஃபோன் நழுவித் தார்ரோட்டில் விழுந்தது. எடுக்கவில்லை. மகளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவருடைய கழுத்து நேராக இருந்ததை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

மறுநாள் காலை சென்னியப்பன் ஹெல்மெட் மாட்டி, மில் கேட் இடைவெளியைத் தாண்டி, முக்கால் கிலோமீட்டர் போய் யூ டேர்ன் அடித்தார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "என்னுங்க காண்டிராக்டரே, வழி தவறிப் போச்சா?" என்று கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. பையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, ஓரங்கட்டி நிறுத்தாமல் எடுக்கவில்லை, ஒரு வளைகாப்புக்கு நாற்காலி ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, பாதிப் பேர் நின்றபடி வளையல் போட்டார்கள், குழந்தை நல்லபடியாகவே பிறந்தது. பதனம் அவ்வளவு சுலபத்தில் நம்பவில்லை. மௌனிகா கட்டுப் போட்ட கையோடு, வாசலில் நின்ற வண்டியில் சும்மா ஏறி உட்காருவாள், அவர் சொல்வார், வருவதைத் திரும்பிப் பார்ப்பாள். "இன்னைக்கும் கழுத்து கோணித்தான் இருக்குதுங்கப்பா" என்பாள், அவர் தலையைக் குனிந்துகொண்டு ஹெல்மெட் வாரைப் பூட்டுவார். பத்தாம் நாள் பதனத்தின் ஹெல்மெட் முழங்கையிலிருந்து தலைக்கு ஏறியது. மூன்றாம் வாரம் ஃபோன் பைக்குள் போனது. கழுத்துதான் ஒரு மண்டலம் எடுத்துக்கொண்டது.

ஊரே ஒரே நாளில் திருந்திவிட்டது என்று நான் எழுதினால் என் பதனமே என்னைப் பார்த்துச் சிரிக்கும். கணக்கு வாத்தியார் இன்னும் தொப்பியைக் கண்டால்தான் மாட்டுகிறார். ஆனால் யூ டேர்னில் இப்போது காலை நேரத்தில் நாலைந்து வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, அதில் என்னுடையதும் ஒன்று, டயரைப் பார்ப்பதைத்தான் முழுசாக விட முடியவில்லை.

கார்த்திகைக் கடைசியில் கட்டைப் பிரித்த கையோடு மௌனிகா மறுபடி எட்டுப் போடப் போனாள். மேல் வளைவைச் சுற்றினாள், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தாண்டினாள், பதனம் முதுகை நிமிர்த்தி அசையாமல் உட்கார்ந்திருந்தது, கீழ் வளைவையும் சுற்றி வந்து நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் தடத்தை நடந்து நடந்து பார்த்தார். "எட்டுதான்" என்றார். "அந்த அஞ்சு எப்பம்மா வந்துச்சு?"

"அப்பா குடுத்துட்டாருங்க சார்."

மறுநாள் காலை சென்னியப்பன் ஒரு கிருகப்பிரவேசத்துக்குப் பந்தல் போடக் கிளம்பினார். மௌனிகா காப்பித் தம்ளரோடு வாசலுக்கு வந்தாள், புது லைசென்ஸ் வாங்கிய மிதப்பில், விளையாட்டாகத்தான், "பதனமாப் போயிட்டு வாங்கப்பா" என்றாள். பெற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதுதான் அதுவரை நடந்ததே தவிர, எந்தப் பிள்ளையும் திருப்பிச் சொன்னதில்லை. அந்தச் சொல் இறங்கியது, பின்சீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏறி, கண்ணாடிக் கம்பிகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, முதுகில் புத்தகப் பையோடு, ரெட்டைச் சடை போட்ட ஆறு வயதுப் பெண்ணாக நின்றது.

மில் கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய ஃபோன் அடித்ததை நான் கடையிலிருந்தே கேட்டேன். அந்தப் பிஞ்சுக் கை பழக்கப்பட்டபடி அவர் சட்டைப் பைக்குள் நுழைந்து, ஃபோனை எடுத்து, நுனிக்காலில் எம்பி, அவர் காதுக்குக் கீழே சொருகப் போனது. சென்னியப்பன் வண்டியை இடது ஓரத்தில் ஒதுக்கினார், நிறுத்தினார், ஸ்டாண்டு போட்டார், அதன் கையிலிருந்து ஃபோனை மெதுவாக வாங்கினார்.

"வண்டியில பாப்பா நிக்குதுங்க" என்றார். "அப்பறமாக் கூப்படறேன்."